பலெர்மோவில் மறைந்த பிரெஞ்சு நாடகாசிரியர்: ரேமொன் ரூசெலின் வாழ்வும் எழுத்தும்



பலெர்மோ மாநகரின் உரோமா வீதியில் ஒரு பழம்பெரும் விடுதி நிற்கின்றது. ‘கிராண்ட் ஓட்டல் ஏ தே பால்ம்’ என்பது அதன் பெயர். பனையினத்து மரங்களின் பெயரைத் தாங்கிய விடுதி அது. செருமானிய இசைமேதை ரிச்சார்ட் வாக்னர் தமது ‘பார்சிபால்’ என்னும் இசைநாடகத்தை 1882 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இவ்விடுதியில் தங்கியிருந்தபோதே நிறைவு செய்தார். அதற்கு அரை நூற்றாண்டின் பின்னர், 1933 ஆம் ஆண்டு யூலை மாதம் 14 ஆம் நாள் காலை, அதே விடுதியின் 224 ஆம் இலக்க அறையில் ஒரு பிரெஞ்சுக்காரர் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 56. அவர் ஒரு கவிஞர், புதினப் படைப்பாளர், நாடகாசிரியர். பெயர் ரேமொன் ரூசெல்.

அந்த நாள் பிரான்சின் தேசிய நாள். பலெர்மோ மக்களுக்கோ தம் நகரின் காவற்புனிதை சாந்தா ரோசாலியாவின் பெருவிழா நாள். நகரமெங்கும் விழாக் கொண்டாட்டம் நிறைந்திருந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவே, தன் நாட்டைவிட்டு வந்த ஒருவரின் மரணம் ஒரு சில தாள்களில் எழுதப்பட்டு, விரைவிலேயே மூடப்பட்டது. அந்தத் தாள்களை முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் திறந்து படித்தார். அவர் சிசிலி மண்ணின் மைந்தர், பள்ளி ஆசிரியராக இருந்து எழுத்தாளரானவர். லெயொனார்டோ ஷாஷா என்பது அவரது பெயர்.

இவ்விருவரின் கதையும் பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலாரின் கதையாகத் தோன்றக்கூடும். எனினும் ஒரு மனிதரை அவசரமாக மதிப்பிட்டு ஒதுக்குவதற்கும், அவரை ஊன்றிப் படிப்பதற்கும் இடையே எத்துணை தூரம் உள்ளது என்பதை இக்கதை உணர்த்துகின்றது. அதனை முதலிலிருந்தே பார்ப்போம்.

ரேமொன் ரூசெல் 1877 ஆம் ஆண்டு சனவரி மாதம் 20 ஆம் நாள் பாரிசு நகரில், மால்செர்ப் பெருந்தெருவில் பிறந்தார். தந்தையார் பங்குச் சந்தைத் தரகர், பெருஞ்செல்வர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மார்செல் புரூஸ்டின் குடும்பமும் அதே தெருவில் வாழ்ந்தது. ரூசெலுக்கு 17 வயதானபோது தந்தையார் காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வம், மகன் வாழ்நாளெல்லாம் உழைக்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. சிறு வயதில் பியானோ கற்ற ரூசெல், பாரிசின் இசைக் கல்லூரியிலும் பயின்றார். ஆயினும் இசைக்குப் பாட்டு எழுத முற்பட்டபோது, இசையைவிடச் சொற்களே தம்மிடம் இயல்பாக வருகின்றன என்பதைக் கண்டுகொண்டார். அன்றிலிருந்து எழுத்தே அவரது வாழ்வாயிற்று.

19 ஆவது வயதில் அவர் ‘லா தூப்ளூர்’ என்னும் நெடிய செய்யுட் புதினத்தை எழுதத் தொடங்கினார். அந்தத் தலைப்பே இரு பொருள் கொண்டது. சட்டையின் உட்புறம் தைக்கும் உள்துணி என்பது ஒரு பொருள். ஒரு நடிகர் வராதபோது அவருக்குப் பதிலாக மேடையேறும் மாற்று நடிகர் என்பது மறு பொருள். தன் வேடத்தில் தோற்றுப்போகும் ஒரு மாற்று நடிகரின் கதை அது. எழுதிய மாதங்களில் ரூசெல் இரவு பகல் பாராது உழைத்தார். தாம் உலகின் மாபெருங் கவிஞர்களுக்கு நிகரானவர் என்ற உணர்வு அவரை முழுமையாக ஆட்கொண்டது. தமது தாள்களிலிருந்து ஒளி வீசுகின்றது, அது வெளியே கசிந்துவிடும் என்று அஞ்சிச் சாளரத் திரைகளை மூடிவைத்து எழுதினார் என்று பின்னாளில் தமது மருத்துவரிடம் கூறினார்.

1897 ஆம் ஆண்டு யூன் மாதம் நூல் வெளிவந்தது. அவர் தெருவில் இறங்கி நடந்தார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நூலைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. மிக உயரமான இடத்திலிருந்து தரையில் வீழ்ந்தது போன்ற அதிர்ச்சி அவரைத் தாக்கியது. உடலும் உள்ளமும் நலிந்தன. அந்த நோவிலிருந்து அவர் ஒருபோதும் முழுமையாக மீளவில்லை.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர் பியேர் சனே என்னும் புகழ்பெற்ற உளமருத்துவர். அவர் 1926 இல் வெளியிட்ட தமது நூலில் ரூசெலின் நோயை விரித்துரைத்தார். அங்கே ரூசெலுக்கு ‘மார்சியால்’ என்ற புனைபெயர் வழங்கப்பட்டது. மருத்துவர் அன்போடுதான் எழுதினார். எனினும் அவர் பார்வையில் ரூசெல் ஒரு நோயாளர். அந்தக் கவிதைகளுக்குள் என்ன இருக்கின்றது என்பது அவரது ஆய்வுக்கு உரியதாக இருக்கவில்லை. நாடக அரங்கினர் ஒருவிதமாகவும், மருத்துவர் ஒருவிதமாகவும், பின்னர் காவற்றுறையினர் இன்னொரு விதமாகவும் அவரைப் பதிவு செய்தனர். எழுத்தை எழுத்தாகப் படிப்பதற்கு மட்டும் நெடுங்காலம் ஆள் கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்த எழுத்தில் இருந்தது என்ன? இதனைப் பிரெஞ்சுக்காரரைக் காட்டிலும் தமிழர் எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

ரூசெல் தமது கதைகளை வாழ்க்கையிலிருந்து எடுக்கவில்லை. மொழியிலிருந்தே எடுத்தார். ஏறத்தாழ ஒரே ஒலியுடைய இரு தொடர்களை முதலில் அமைப்பார். ஒரேயொரு எழுத்து மட்டும் வேறுபடும். ஆனால் இரண்டின் பொருளும் முற்றிலும் வேறாக இருக்கும். முதல் தொடரில் கதையைத் தொடங்கி, இரண்டாவது தொடரில் கதையை முடிக்க வேண்டும் என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட விதி. இடையிலுள்ள நெடும்பாதையை அவரது கற்பனை கட்டியெழுப்ப வேண்டும்.

அவர் காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பில்லியர்ட் மேசையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தை மாற்றினால் அது கொள்ளையன் என்று பொருள்படும். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘பியார்’ என்ற ஒரே சொல்லாகவே அமைந்துவிடும். அத்துணை நெருக்கமான ஒலி. பழைய பில்லியர்ட் மேசையின் ஓரங்களில் வெண்சுண்ணத்தால் எழுதிய எழுத்துகள் என்பது முதல் தொடரின் பொருள். பழைய கொள்ளையனின் கூட்டங்களைப் பற்றி வெள்ளையர் ஒருவர் எழுதிய கடிதங்கள் என்பது இரண்டாம் தொடரின் பொருள். எழுத்து என்பதற்கும் கடிதம் என்பதற்கும் பிரெஞ்சில் ஒரே சொல். ஓரம் என்பதற்கும் கூட்டம் என்பதற்கும் ஒரே சொல். இந்தச் சிறு விதையிலிருந்தே அவரது ‘ஆபிரிக்க மனப்பதிவுகள்’ என்னும் பெருநூல் முளைத்தது.

தமிழில் இதற்குச் சிலேடை என்று பெயர். 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காளமேகப் புலவர், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கினார். ஒரு சொல் ஒரு பொருளுக்கும், பிரித்துச் சொன்னால் மற்றொரு பொருளுக்கும் பொதுவாக நிற்பதை நன்னூல் ‘பொதுமொழி’ என வகுத்துள்ளது. வேங்கை என்றால் புலி. வேங்கை என்றால் மரம். வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. பலகை என்றால் மரப்பலகை. பல கை என்றால் பல கைகள். பாடசாலையில் இதைக் கேட்டுச் சிரித்த பெற்றோர் பலர் இருப்பர். அந்தச் சிரிப்பிலிருந்தே ஒரு முழு உலகத்தைக் கட்டலாம் என்று நம்பி, தம் வாழ்நாளையும் செல்வத்தையும் அதற்கே செலவிட்டவர் ரூசெல். ஒரு வேறுபாடும் உண்டு. காளமேகத்தின் சிலேடையில் இரு பொருளும் கேட்போர் முன்னே வெளிப்படையாக நிற்கும். ரூசெலோ தமது சிலேடையை மறைத்துவிட்டு, அதிலிருந்து பிறந்த விந்தைகளை மட்டுமே வாசகர் முன் வைத்தார். சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

‘ஆபிரிக்க மனப்பதிவுகள்’ 1910 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கப்பல் உடைந்து ஆபிரிக்கக் கரையில் ஒதுங்கிய பயணிகள், ஒரு மன்னனிடம் சிறைப்பட்டு, மீட்புப் பணம் வரும்வரை பொழுதுபோக்காகக் கலைவிழா நடத்துகின்றனர். நூலின் முற்பாதியில் விளக்கமேயின்றி அற்புதக் காட்சிகள் அணிவகுக்கின்றன. கன்றின் நுரையீரலால் செய்த தண்டவாளத்தின் மீது ஒரு சிலை உருண்டு செல்கின்றது. பிற்பாதியில்தான் ஒவ்வொரு காட்சியும் எவ்வாறு நேர்ந்தது என்ற வரலாறு வருகின்றது. ஒன்றை இங்கே மறைக்காமல் கூற வேண்டும். அந்நூலில் வரும் ஆபிரிக்கா உண்மையான ஆபிரிக்கா அன்று. அக்கால ஐரோப்பியக் குடியேற்றவாதத்தின் கற்பனையில் உருவான நாடு அது. ஆபிரிக்க மக்களை அது காட்டும் விதத்தில் அந்தக் காலத்தின் குறை அப்படியே தங்கியுள்ளது. ஊன்றிப் படிப்பது என்றால் போற்றுவது மட்டுமன்று. குறையையும் கண்டு கூறுவதே ஊன்றிய படிப்பு.

நூல் விற்கவில்லை. எனவே நாடகமாக்கினால் மக்கள் விரும்புவர் என்று ரூசெல் எண்ணினார். 1911 இலும் 1912 இலும் பாரிசு அரங்குகளில் அது மேடையேறியது. முழுச் செலவும் அவருடையது. பார்வையாளர் கேலி செய்தனர். ஆனால் 1912 இல் நடந்த ஒரு காட்சியில், ஓவியர் மார்செல் டுசாம், கவிஞர் அப்போலினேர் ஆகியோர் அமர்ந்திருந்தனர். தமது புகழ்பெற்ற ‘பெருங்கண்ணாடி’ என்ற படைப்புக்கு வழிகாட்டியவர் ரூசெலே என்று டுசாம் பிற்காலத்தில் கூறினார். அரங்கு முழுவதும் சிரித்த இரவில் ஒருசிலர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தனர். இருபதாம் நூற்றாண்டுக் கலையின் போக்கில் அந்த ஒருசிலரின் பங்கு பெரிது.

1914 இல் ‘லோகுஸ் சோலுஸ்’ என்னும் புதினம் வெளிவந்தது. தனியிடம் என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். ஓர் அறிவியலறிஞர் தமது தோட்டத்தில் தாம் ஆக்கிய விந்தைகளை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று மாபெரும் கண்ணாடிக் கூடம். அதற்குள் இறந்தோரின் உடல்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு மருந்தின் வலிமையால் அவர்கள் தம் வாழ்வின் முதன்மையான ஒரு கணத்தை மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டுகின்றனர். உறவினர் வெளியே நின்று பார்க்கின்றனர். இழந்த உறவுகளின் முகத்தை ஒளிப்படங்களில் மட்டுமே பார்த்து வாழ்வோர்க்கு இந்தக் காட்சி வெறும் விந்தையாகத் தோன்றாது.

முதலாம் உலகப் போரின் பின்னர் ரூசெல் மீண்டும் அரங்கை நாடினார். 1922 இல் ‘லோகுஸ் சோலுஸ்’ மேடையேறியபோது பெருங்கூச்சல் எழுந்தது. பின்னர் அவர் மேடைக்கென்றே இரு நாடகங்களை எழுதினார். ‘நெற்றியில் விண்மீன்’ 1924 இலும், ‘கதிரவர்களின் தூசி’ 1926 இலும் அரங்கேறின. முன்னதில் பழம்பொருள் ஒவ்வொன்றும் ஒரு கதையைச் சொல்லும். பின்னதில் ஒரு புதையலைத் தேடி, ஒரு புதிரிலிருந்து மறு புதிருக்குப் பாத்திரங்கள் நகர்வர். இவற்றுக்கும் அவரே பணம் செலவிட்டார். திறமையான நடிகர்களை அமர்த்தினார். ஆயினும் எள்ளலே மிஞ்சியது.

‘நெற்றியில் விண்மீன்’ அரங்கேறியபோது அவருக்குத் துணை நின்றோர் பாரிசின் இளம் கவிஞர்கள். மீமெய்யியல் இயக்கத்தைச் சேர்ந்த அவ்விளைஞர்கள் அரங்கில் உரக்கக் கைதட்டினர். அவர்களைப் பார்த்து ஒருவர், கூலிக்குக் கைதட்டுவோர் என்று பொருள்படும் சொல்லை வீசினார். பிரெஞ்சில் அச்சொல்லுக்குக் கன்னத்தில் விழும் அறை என்றும் பொருள் உண்டு. உடனே ரொபேர் தெஸ்னோஸ் என்ற இளங்கவிஞர், அந்த அறை தாங்களே என்றும், அதை வாங்கும் கன்னம் அந்தப் பார்வையாளரே என்றும் திருப்பிக் கொடுத்தார். ஒரு சிலேடையாளரைக் காக்க ஒரு சிலேடையே கேடயமாயிற்று. இந்த நிகழ்வு பிரெஞ்சு இலக்கிய வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகின்றது.

ரூசெல் 1920, 1921 ஆம் ஆண்டுகளில் இந்தியா, அவுத்திரேலியா, சீனா, யப்பான், அமெரிக்கா என உலகத்தையே சுற்றினார். ஆயினும் தமது நூல்களுக்கு அப்பயணங்களிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே எழுதினார். பின்னர் படுக்கையறையும் குளியலறையும் கொண்ட ஒரு வீட்டு ஊர்தியைச் செய்வித்து, அதிலேயே உரோமாபுரி வரை சென்றார். உலகம் அவருக்கு வெளியே இருந்தது. அவர் எங்கு சென்றாலும் தம் மொழிக்குள்ளேயே தங்கியிருந்தார். 1932 இல் அவரது கடைசிப் பெரும் கவிதைநூலான ‘புதிய ஆபிரிக்க மனப்பதிவுகள்’ வெளிவந்தது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று என ஐந்து அடுக்குவரை செல்லும் அமைப்பு அதனுடையது. ஒவ்வோர் அடைப்புக்குறியும் மூடும் வரை வாசகர் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். அதற்குள் அவரது செல்வம் பெரிதும் கரைந்துவிட்டது. உறக்க மருந்துகளின் பிடியும் இறுகியது.

இந்நிலையில்தான் 1933 ஆம் ஆண்டு கோடையில் அவர் பலெர்மோவுக்கு வந்தார். நெடுங்காலம் அவருக்குத் துணையாக இருந்த சார்லொட் துஃப்ரேன் என்ற பெண்மணியும் உடன் வந்திருந்தார். விடுதியில் இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள்; இடையில் ஒரு கதவு. இறப்பதற்குச் சில நாட்களின் முன்னர் ரூசெல் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டார், அப்போது காப்பாற்றப்பட்டார். சுவிற்சர்லாந்தின் குரொய்ட்சிலிங்கன் மருத்துவமனைக்குச் சென்று சிகிச்சை பெறும் திட்டமும் இருந்தது. அதாவது மீளும் வழியொன்று திறந்தே இருந்தது. அந்த வழியில் அவர் புறப்படவில்லை. யூலை 14 ஆம் நாள் காலை, அந்த இடைக்கதவின் அருகே தரையில் விரித்த மெத்தையில் அவரது உடல் காணப்பட்டது. வழக்கமாகப் பூட்டப்படாத அக்கதவு அன்று உட்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது.

காவற்றுறையினர் வந்தனர். நீதித்துறை அதிகாரி வந்தார். மருத்துவர் உடலைப் பார்வையிட்டார். விடுதிப் பணியாளரும் துஃப்ரேன் அம்மையாரும் வாக்குமூலம் அளித்தனர். உறக்க மருந்தே மரணத்துக்குக் காரணமெனக் கொள்ளப்பட்டது. பிரேத பரிசோதனை நடத்தப்படவில்லை. குற்றம் எதுவும் இல்லையென முடிவாகி, விசாரணை விரைவிலேயே மூடப்பட்டது. அது முசோலினியின் பாசிச ஆட்சிக்காலம். தற்கொலைச் செய்திகள் வெளிவருவதை அவ்வாட்சி விரும்பவில்லை. உடல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பேர் லாசேஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. பலெர்மோவில் எஞ்சியது ஒரு மெல்லிய கோப்பு மட்டுமே.

அந்தக் கோப்பைத் தேடியெடுத்தவரே லெயொனார்டோ ஷாஷா. 1921 இல் அக்ரிசென்டோ மாவட்டத்தின் ரக்கல்முத்தோ என்ற ஊரில் பிறந்து, அங்கேயே தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். மாபியா என்ற ஒன்றே இல்லையென்று பெரியோர் பலர் சாதித்த காலத்தில், 1961 இல் ‘ஆந்தையின் பகல்’ என்னும் புதினத்தின் வழியே அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர். நீதி, உண்மை, ஆவணம் ஆகிய மூன்றுமே அவரது எழுத்தின் உயிர்நாடி. 1971 இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் பெயர் ‘ரேமொன் ரூசெலின் மரணம் தொடர்பான ஆவணங்கள்’.

அந்நூலில் ஷாஷா செய்தது மிக எளிமையானது. வாக்குமூலங்களையும் அறிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, சொல் சொல்லாகப் படித்தார். ஒருவர் கூறியதும் மற்றவர் கூறியதும் எங்கே முரண்படுகின்றன? மருந்தினால் தளர்ந்திருந்த ஒருவர் மெத்தையைக் கதவருகே இழுத்தது எப்படி? கேட்கப்பட வேண்டிய கேள்விகள் ஏன் கேட்கப்படவில்லை? அவர் எவரையும் கொலையாளி என்று சுட்டவில்லை. தற்கொலையா, தற்செயலா என்று தீர்ப்பும் எழுதவில்லை. அன்று அவசரமாக மூடப்பட்டதைத் திறந்து, கேள்விகளைக் கேள்விகளாகவே படிப்போர் முன் வைத்தார். தன் ஊருக்கு விருந்தாக வந்து இறந்த ஓர் அந்நியருக்கு, ஊரவர் ஒருவர் காட்டிய மரியாதை அது. காலம் தாழ்ந்த மரியாதைதான். எனினும் அது நிறைவான மரியாதை.

இறந்த பின்னரே ரூசெலுக்கு வாசகர் கிடைத்தனர். தமது எழுத்துமுறையின் சாவியை ஒரு கட்டுரையாக எழுதி, தம் மறைவுக்குப் பின்னர் வெளியிடுமாறு ஏற்பாடு செய்திருந்தார். ‘எனது நூல்களுட் சிலவற்றை எவ்வாறு எழுதினேன்’ என்ற அந்த நூல் 1935 இல் வெளிவந்தது. அதன் பின்னரே அந்த விந்தைகளின் அடியில் சிலேடை இருப்பதை உலகம் கண்டது. மெய்யியலாளர் மிசேல் பூக்கோ 1963 இல் ரூசெலைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். விதிகளை வகுத்துக்கொண்டு எழுதும் ‘உலிப்போ’ குழுவினர் அவரைத் தம் முன்னோருள் ஒருவராகக் கருதினர். 1989 இல், பாரிசின் ஒரு தளபாடக் கிடங்கில் அவரது கையெழுத்துப் படிகள் பெட்டி பெட்டியாகக் கண்டெடுக்கப்பட்டன. இன்று அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன. 20 வயதில் தெருவில் இறங்கி அவர் தேடிய புகழ், அவர் இல்லாத காலத்தில் வந்து சேர்ந்தது.

அன்பார்ந்த பெற்றோர்களே, இவ்வரலாற்றில் உங்களுக்கென ஒரு செய்தி உண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளின் வெற்றி பெற்றோரின் உழைப்புக்குக் கிடைக்கும் கூலியாகப் பார்க்கப்படுகின்றது. அந்த எதிர்பார்ப்பு அன்பிலிருந்தே பிறக்கின்றது. எனினும் மற்றோரின் கைதட்டலே தனது மதிப்பு என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால், கைதட்டல் நின்ற நாளில் அப்பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? ரூசெலுக்குச் செல்வம் இருந்தது, மருத்துவர் இருந்தார், பணியாளர் இருந்தனர். தோற்றுத் திரும்பிய 20 வயது இளைஞனிடம், நீ எழுதியதைப் படித்தேன் என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அதுவும் ஒரு மருந்தாகியிருக்கக்கூடும். பிள்ளை வரைந்ததை, எழுதியதை, பாடியதை, அது புரியாவிட்டாலும், ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். விளக்கம் கேளுங்கள். தீர்ப்பைப் பின்னர் கூறலாம்.

இளையோரே, உள்ளத்தின் நோவு ஒரு குற்றமன்று. குடும்பத்தின் மானத்துக்கு இழுக்குமன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போலவே அதற்கும் செல்லலாம். துயரம் தாங்க முடியாததாகும்போது, அதை ஒருவரிடமாவது அன்றே சொல்ல வேண்டும். தாயிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ, மருத்துவரிடமோ சொல்லலாம். பூட்டிய கதவின் மறுபுறம் எப்போதும் ஒருவர் இருக்கின்றார்.

அடுத்தது நீதி பற்றியது. உறவுகளின் மரணத்துக்கு முறையான விசாரணையே கிடைக்காத துயரைத் தமிழர் நன்கறிவர். விசாரணை முடிந்தது என்று எழுதப்பட்ட ஒரு தாள், உண்மை அறியப்பட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது என்பதையும் அறிவர். ஷாஷா ஒரு படையோடும் வரவில்லை, பதவியோடும் வரவில்லை. ஒரு கோப்பையும் பொறுமையையும் மட்டுமே வைத்திருந்தார். ஆவணத்தைப் பாதுகாப்பதும், நாளையும் பெயரையும் பிழையின்றிக் குறித்து வைப்பதும், மிகைப்படுத்தாமல் கேள்வி கேட்பதும் எந்த இளைஞராலும் செய்யக்கூடிய பணிகள். பலெர்மோவில் வளரும் இளையோர் இத்தாலிய மொழியைத் தாய்மொழி போலவே அறிவர். ஷாஷாவை அவர் எழுதிய மொழியிலேயே படிக்கும் பேறு அவர்களுக்கு உண்டு. அவ்வாறு படித்ததைத் தமிழில் பெற்றோருக்கு எடுத்துரைத்தால், இந்நகரின் வரலாறு தமிழ் வீட்டுக்குள்ளும் வந்து சேரும்.

அதற்கு ஈடாகப் பெற்றோர் கொடுக்கக்கூடியது தமிழின் சிலேடை. வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் சென்று களைத்துத் திரும்பும் மாலையில், நீண்ட பாடம் நடத்த எவராலும் இயலாது. ஆனால் உணவு மேசையில் ஒரு சொல்லைப் போட்டு, இதற்கு எத்தனை பொருள் என்று கேட்கலாம். பிள்ளைகளும் தம் பங்குக்குக் கேட்பர். ‘காசா’ என்றால் இத்தாலியத்தில் வீடு. தமிழிலோ, பணமா என்ற கேள்வி. ‘மானோ’ என்றால் இத்தாலியத்தில் கை; தமிழில் அது மானா என்ற ஐயம். ‘வேரோ’ என்றால் இத்தாலியத்தில் உண்மை. தமிழில் அது வேர்தானா என்ற வினா. இரு மொழிகளையும் அறிந்த பிள்ளைக்கு மட்டுமே கேட்கும் நகைச்சுவை இது. ரூசெலுக்குக் கூட வாய்க்காத செல்வம். அவர் ஒரு மொழிக்குள்ளேயே உலகைக் கட்டினார். இந்நகரின் தமிழ்ப் பிள்ளைகளிடம் இரண்டு மொழிகள் உள்ளன; பலரிடம் மூன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்று தேய்ந்தால் சிலேடையின் ஒரு பொருள் மறையும்; மறு பொருள் மட்டும் தனித்து நிற்கும்.

அடுத்த யூலை மாதத்தில் சாந்தா ரோசாலியாவின் தேர் பலெர்மோ வீதிகளில் வரும். பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனிதையின் குகைக்குப் பல்லாண்டுகளாக ஏறிச் செல்லும் தமிழரும், கத்தோலிக்கர் சைவர் என்ற வேறுபாடின்றி, அவ்விழாவைக் காண்பர். அன்று உரோமா வீதியைக் கடக்கும்போது அந்தப் பழைய விடுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சொந்த ஊரிலேயே கேலிக்குள்ளாகி, அயலூரில் இறந்த ஒரு சொல்லாளர் அங்கே தங்கியிருந்தார் என்று சொல்லுங்கள். அவரது கோப்பை மூடியவர் யார் என்று இன்று எவரும் கேட்பதில்லை. அதைத் திறந்து படித்தவரின் பெயரைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.